அடுப்புக் கதவைத் திறக்காதே

"கண் முழுசாப் போறதுக்குள்ள எதையாவது பார்க்கணும்னு ஆசை இருந்தாச் சொல்லுங்க சேத். சபைக்காரங்க நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்றார் எங்கள் போதகர்.

என் புருஷன் சேத் டீயை ஒரு மிடறு விழுங்கிவிட்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "புட்டிங் எழும்புறதைப் பார்க்கணும்."

போதகர் என்னைப் பார்த்தார். நான் டீ கெட்டிலைப் பார்த்தேன். பாவம் அந்த மனுஷன், ஸ்கார்பரோவுக்கு பஸ், கடற்கரையில் சாய்வு நாற்காலி என்று மனசுக்குள் எல்லாம் ஏற்பாடு பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"கடல் பார்க்க வேண்டாமா?"

"கடலை ரெண்டு தடவை பார்த்திருக்கேன் ஐயா. உள்ள வருது, வெளிய போகுது. அதுல என்ன இருக்கு? இந்தப் புட்டிங்கைப் பாருங்க, அறுபது வருஷமா ஞாயிறு தவறாம தின்னுட்டு வர்றேன். அது எப்படி எழும்புதுன்னு ஒரு நாள்கூடப் பார்த்ததில்ல."

இது நடந்தது அறுபத்தெட்டாம் வருஷம் அக்டோபரில். ஹாலிஃபாக்ஸ் கண் டாக்டர், வசந்தம் வரை பார்வை இருந்தால் பெரிய விஷயம் என்று சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. ஓரமெல்லாம் முன்பே போய்விட்டது. நடுவில் ஒரு சின்ன ஜன்னல் மட்டும் பாக்கி, அதிலும் பனிமூட்டம். டாக்டர் சொன்னதைக் கேட்டு நான் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். சேத் கண்டக்டரிடம் டிக்கெட் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார்.

இந்த மனுஷனின் குணமே அதுதான். மில்லில் தறி நின்றால் ஓடிப்போய்ச் சரிசெய்கிற மிஸ்திரி வேலை. தறியைச் சரிசெய்தால் போதாது, அது ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் மூன்றையும் கழற்றிப் பார்த்தவர். இரண்டு திரும்ப ஓடின.

ஆனால் புட்டிங் விஷயத்தில் அவர் ஜம்பம் சாயவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் நடக்கக் கற்றதும் கற்கிற முதல் பாடம், புட்டிங் உள்ளே இருக்கும்போது அடுப்புக் கதவைத் தொடக் கூடாது என்பதுதான். எங்கள் புட்டிங்கில் இனிப்பு கிடையாது. மாவும் முட்டையும் பாலும் கரைத்த கரைசலை, புகைகிற மாட்டுக் கொழுப்பில் ஊற்றிக் கதவைச் சாத்தினால், இருபத்தைந்து நிமிஷத்துக்கு ராணியே வந்து நின்றாலும் திறக்கக் கூடாது. இத்தனூண்டு குளிர்காற்று பட்டால் போதும், எழுந்தது படுத்துவிடும். அப்புறம் எழுந்திருக்காது. உள்ளே போகும்போது நீர்மோர் மாதிரி இருப்பது, வெளியே வரும்போது நாலு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் மதில் எழுப்பி, நடுவில் கிரேவிக்குப் பள்ளம் விட்டு, பொன்னிறமாக நிற்கும். இடையில் என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

சேத் ஆறு வயதில் ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறார். அவர் அம்மா ஈரத் துணியால் காதோடு சேர்த்து ஒன்று வைத்தாராம். அன்றைக்கு வீட்டில் எட்டுப் பேருக்கு ஒரு கைப்பிடி கறி. புட்டிங்கை முதலில் கிரேவியோடு வைத்து வயிற்றை அடைத்தால்தான் கறி எல்லாருக்கும் எட்டும். "யார் நிறையப் புட்டிங் தின்கிறார்களோ அவர்களுக்கு நிறையக் கறி" என்று எங்கள் அம்மாக்கள் ஆசை காட்டுவார்கள். அதை நம்பித் தின்றவன் வயிற்றில் கறிக்கு இடமே இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் புட்டிங்கைப் படுக்கவைத்தால் அடி விழாமல் என்ன செய்யும்?

இரண்டாவது தடவை, எங்களுக்குக் கல்யாணமான வருஷம். என் அப்பாவும் அம்மாவும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் அறையில் தட்டு எடுத்துவைக்கப் போன நேரம் பார்த்து, ஒரே ஒரு விரல் அகலத்துக்குத் திறந்திருக்கிறார். புட்டிங் நனைந்த செருப்பு மாதிரி வந்தது. "பரவாயில்ல மேபல், போகப் போகப் பழகிடும்" என்று என் அம்மா சொன்ன தொனி இருக்கிறதே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் சேத் அந்தக் கதவைத் தொட்டதில்லை. ஞாயிறு மதியம் அடுப்புக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். "இப்பக் கொழுப்பு சத்தம் அடங்குது... இப்ப ஏறுது மேபல்" என்பார். அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

"கேட்டுட்டியா? எழுந்து முள்கரண்டியை எடுத்து வை" என்பேன் நான்.

போதகர் வந்துவிட்டுப் போன மறுநாள் சேத் என் அடுப்புக் கதவைக் கழற்றினார். மில்லில் கிடந்த பழைய விளக்குக் கண்ணாடியை வெட்டி, கதவில் சதுரமாகத் துளை போட்டுப் பொருத்தினார். பாதிப் பார்வையில் அந்த வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்தார் என்பதற்காகவே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய பன்னிரண்டாவது நிமிஷம் "டப்" என்றது. கண்ணாடி முழுவதும் புட்டிங்கில்.

"பன்னெண்டு நிமிஷம் தாங்கிடுச்சே" என்றார், ஏதோ சாதனை மாதிரி.

"எதையாவது பார்த்தியா?"

"புகைதான் தெரிஞ்சுது."

"என் அடுப்பை ஓட்டை போட்டதுதான் மிச்சம். யோவ், உனக்கு வேற எதுவுமே ஆசைப்படத் தெரியாதா?"

"தெரியலியே புள்ள" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். கோபமே இல்லை. அதுதான் என்னை அன்று சாப்பிட விடவில்லை.

எங்கள் தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு ஒன்று இருந்தது. உள்ளே பல்பு எரியுமாம். மிட்டாய்க்கடை ஜன்னல் மாதிரி எல்லாம் தெரியுமாம். ஆகஸ்டில் கடை வேனில் வந்து இறங்கியது. தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் மட்டும் போகவில்லை. ஏனென்றால் அது எதிர்வீட்டு நோராவின் அடுப்பு.

நோரா மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, லங்காஷயர் மாவட்டத்தில் ஓல்டம் ஊர். இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒன்பது வருஷத்துக்கு முன் சபை அறுப்புப் பண்டிகை விருந்தில் சமையல் பொறுப்பு என்னுடையது. நாற்பது பேருக்கு நாலு பெரிய தட்டில் புட்டிங் ஊற்றி சபை அடுப்பில் வைத்திருந்தேன். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், நோரா அடுப்புக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்து நிற்கிறாள். அவளுடைய ஹாட்பாட், கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கிய அந்தச் சட்டி, வெந்ததா என்று பார்க்கத் திறந்திருப்பாள் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் கதவை அறைந்து சாத்தினேன். நாலு தட்டும் படுத்துவிட்டன.

நான் பேசியதைத் திருப்பிச் சொல்ல எனக்கே கூசுகிறது. "உங்க ஊர்ல மாட்டுக்குக்கூட இது தெரிஞ்சிருக்குமே" என்று ஆரம்பித்தது. நாற்பது பேர் கேட்டார்கள். நோரா ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அவள் புருஷன் இறந்தபோதுகூட நான் கேக் சுட்டு சேத் கையில் கொடுத்தனுப்பினேனே தவிர, நான் தெருவைத் தாண்டவில்லை. அதை நினைத்தால் இன்றும் முகம் சுடும்.

கண்ணாடி வெடித்த ஞாயிறு போய்ப் புதன்கிழமை, தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினேன். பின்வாசல் பழகினவர்கள் வருகிற வழி, அதில் போக எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. முன்வாசலில் போய்த் தட்டினேன். எங்கள் தெருவில் முன்வாசலைத் தட்டுகிறவர்கள் டாக்டரும் பிணப்பெட்டிக்காரரும்தான்.

நோரா கதவைத் திறந்து என்னையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரு செத்தது?"

"யாரும் சாகல."

"பின்ன எதுக்கு முன்வாசல்?"

"உங்க அடுப்பு வேணும்" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"எதுக்கு? தூக்கிட்டுப் போகவா?"

"ஒரு ஞாயித்துக்கிழமைக்கு. எனக்கில்ல, சேத்துக்கு. புட்டிங் எழும்புறதைப் பார்க்கணுமாம். கண்ணு இருக்கிறப்பவே."

அவள் முகம் மாறியது. கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள். "அவ்வளவு மோசமாயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நல்ல மனுஷன். என் வீட்டுத் தண்ணிக் குழாயை ரெண்டு தடவை சரிபண்ணிக் குடுத்திருக்காரு."

"எப்ப?"

"நீங்க புதன்கிழமை பெண்கள் கூட்டத்துக்குப் போவீங்கல்ல, அப்ப."

எனக்குச் சொல்லாமல் தெருவைத் தாண்டியிருக்கிறான் படவா. "அப்போ இந்த அடுப்பையும் பார்த்திருப்பாரே?"

"அதுதான் இல்ல. அடுப்பு வந்தன்னிக்கே நான் தெருவுல வெச்சுக் கூப்பிட்டேன், வந்து பாருங்க, நீங்க ஆசைப்படுற சாமானாச்சேன்னு. வரமாட்டேன்னுட்டாரு. 'குழாய்ன்னா ஒரு உதவி, போய்ச் செஞ்சிட்டு வந்துடலாம். இது என் சொந்த சந்தோஷம். மேபலுக்குத் தெரியாம வேண்டாம்'னாரு."

ஆகஸ்டில் அவருக்கு இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு பார்வை இருந்தது.

நோரா கதவை முழுசாகத் திறந்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் வாங்க. கறி நான் வைக்கிறேன். ஆனா ஒண்ணு. என் மேஜையில எங்க ஊர் முறைதான். கறி, உருளைக்கிழங்கு, காய், உங்க புட்டிங், எல்லாம் ஒரே தட்டுல."

புட்டிங்கைக் கறியோடு ஒரே தட்டில் போட்டுக் குழப்புவதை நான் ஜென்மத்தில் செய்ததில்லை. காரியம் பெரிதா வீரியம் பெரிதா? "சரி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே மாவு கரைத்துவைத்தேன். அன்னிய அடுப்பு, எப்படி இருக்குமோ என்று பயந்து வழக்கத்தைவிட இரண்டு பங்கு கரைத்தேன். ஜாடியில் ஊற்றித் துணியால் மூடி நான் எடுத்துக்கொள்ள, சேத் கையில் என் தட்டும் ராஸ்பெரி வினிகர் பாட்டிலும். கழுத்தில் டை வேறு கட்டியிருந்தார். தெருவில் திரைச்சீலை ஒன்று பாக்கியில்லாமல் அசைந்தது. இந்தத் தடவை பின்வாசல் வழியாகப் போனோம்.

"வினிகர் எதுக்கு?" என்றாள் நோரா.

"கடைசியில மிஞ்சுற புட்டிங்மேல ஊத்திச் சாப்பிட" என்றார் சேத். "சர்க்கரை போட்டுக் காய்ச்சினது. இனிப்பும் புளிப்புமா இருக்கும். சில வீட்ல ஜாம் தடவுவாங்க, சில வீட்ல பாகு. எங்களுக்கு இதுதான்."

"முதல்ல கிரேவி, கடைசியில வினிகர். நடுவுல கறின்னு ஒண்ணு இருக்கிறது ஞாபகம் இருக்குமா உங்களுக்கு?"

"எங்களுக்குப் புட்டிங்தான் சாப்பாடு. கறி விருந்தாளி" என்றேன்.

"விருந்தாளியை எங்க ஊர்ல முதல்ல உட்கார வெப்பாங்க" என்றாள் நோரா. சேத் சிரித்தார். எனக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நோரா கண்ணாடியை வெளிப்பக்கம் செய்தித்தாளால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். உள்ளே கீழ்த்தட்டில் மாட்டுக்கறி பொரிந்துகொண்டிருந்தது. என் தட்டில் கொழுப்பைப் போட்டு மேல்தட்டில் வைத்தோம். புகை கிளம்பியதும் நான் கரைசலை ஊற்றினேன். "ஸ்ஸ்" என்று சீறியது. கதவைச் சாத்தினேன். அடுப்புக்கு நேர் எதிரே நாற்காலியில் சேத். பின்னால் நானும் நோராவும், ஆளுக்கொரு பக்கம், அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு.

முதலில் ஒன்றுமே இல்லை. மஞ்சளாக, மந்தமாக, தட்டில் கிடந்தது. ஐந்து நிமிஷம் அப்படியே. பிறகு ஓரத்தில் மட்டும் நிறம் கொஞ்சம் வெளுத்துக் கெட்டியானது. இடது மூலை மெல்ல எழுந்தது, தூங்குகிற பிள்ளை போர்வைக்குள் முழங்காலை மடக்குகிற மாதிரி. அப்புறம் வலது மூலை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாயைப் பிளந்துவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் வாராவாரம் என் கையால் ஊற்றியிருக்கிறேன். இதற்குப் பின்னால் இப்படி ஒரு கூத்து நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. நோரா மூச்சே விடவில்லை.

"இப்ப ஏறுது" என்றார் சேத்.

"ஆமா, ஆமா. தெரியுதா?"

"தெரியாம என்ன? நல்லாத் தெரியுது. எவ்வளவு உயரம். அடேயப்பா."

அவ்வளவு சீக்கிரம் எதையும் பாராட்டுகிற ஆள் இல்லை அவர். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கண் கீழ்த்தட்டில் இருந்தது. மாட்டுக்கறியைப் பார்த்துக்கொண்டு, காதால் புட்டிங்கைக் கேட்டு, எங்களுக்காக அடேயப்பா போட்டுக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்தேன். நோராவும் அதைக் கவனித்துவிட்டாள். ஒன்பது வருஷத்தில் நாங்கள் இருவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

அவள் சத்தமில்லாமல் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள், வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமல் இருக்க. நான் அவர் தாடையைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். "மேல பாருய்யா. மேல்தட்டு."

பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். மூக்கு அடுப்புக் கண்ணாடியைத் தொடுகிற அளவுக்கு நெருங்கினார். உள்பக்கம் கொழுப்பு தெறித்துக் கண்ணாடி பழுப்பேறியிருந்தது. எங்களுக்கே அது மங்கல்தான்.

"கொஞ்சம் இருட்டா இருக்கு புள்ள" என்றார் மெதுவாக. "அதனால என்ன? சத்தம் நல்லாக் கேக்குது. இதுவே போதும். நோரா, ரொம்ப சந்தோஷம்மா."

போதுமாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்மேல் இல்லை, கண்ணாடிமேலும் இல்லை. ஆகஸ்டிலிருந்து இந்த அடுப்பு இங்கே இருக்கிறது. பதினாலு அடி தூரம். நடுவில் நான் நின்றிருக்கிறேன்.

மதில் நாலு விரல் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம் விட்டால் என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல புட்டிங். பார்த்தேன், அதன் அழகை நன்றாக ஒரு தடவை பார்த்தேன். பிறகு கதவைத் திறந்தேன். ஒரு விரல் அகலமெல்லாம் இல்லை, முழுசாக. துணியைப் போட்டுத் தட்டைப் பிடித்துப் பாதிவரை வெளியே இழுத்தேன்.

"பாரு. சீக்கிரம் பாரு."

"மேபல், கதவு" என்றார் சேத், பதறிப்போய். அந்த ஆறு வயதுப் பையனின் குரல்.

"கதவு கிடக்கட்டும். நீ பாரு."

அவர் போட்டிருந்த மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குனிந்தார். நோரா ஓடிப்போய் இழுத்த திரையை மறுபடி விலக்கினாள். வெளிச்சம் நேராகப் புட்டிங்மேல் விழுந்தது. அது நின்றது, நடுங்கிக்கொண்டு, பொன்னிறமாக, உள்ளே குமிழ் குமிழாகக் காற்று அடித்துக்கொண்டு. சேத்தின் முகம் ஆறு அங்குலத்தில் இருந்தது. அந்தச் சூட்டிலும் விலகவில்லை.

"மூச்சு விடுது" என்றார். "மேபல், இது மூச்சு விடுது." அப்புறம் தலையைச் சாய்த்து, "ஓரம்தான் ஏறுது பாரு. தட்டோட சூட்டைப் பிடிச்சிக்கிட்டு ஓரம் ஏறுது. நடுவுல இருக்கிறதை அதுதான் இழுத்துட்டுப் போகுது. தறியில துணியைக் கரை பிடிச்சு இழுக்குமே, அந்த மாதிரி."

அவர் சொல்லச் சொல்ல அது உட்கார ஆரம்பித்தது. முதலில் நடு, பிறகு மதில். அதையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். முழுசாகப் படுத்ததும், "ஓ, இறங்குறது இப்படித்தானா" என்றார், இரண்டாவது பரிசும் தனக்கே கிடைத்த மாதிரி. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சூட்டினாலா என்று நான் கேட்கவில்லை. எனக்கும்தான் வழிந்தது.

தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். நனைந்த செருப்பு. நோராவின் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் வரவில்லை. இதே குற்றத்துக்குத்தான் நாற்பது பேர் முன்னால் நான் அவளை மாட்டோடு சேர்த்துப் பேசியது. இப்போது அவள் திருப்பிச் சொன்னால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நோரா கறியை வெளியே எடுத்து ஓரமாக வைத்தாள். கத்தியால் புட்டிங்கை மூன்றாக வெட்டி மூன்று தட்டில் போட்டாள். வெங்காய கிரேவியை ஊற்றினாள். கறியைத் தொடவில்லை, உருளைக்கிழங்கையும் தொடவில்லை. வெறும் புட்டிங்கை எங்கள் முன்னால் நகர்த்தினாள்.

"எல்லாம் ஒரே தட்டுலன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"என் வீடு, என் இஷ்டம். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடு."

ஒன்பது வருஷம் கழித்து 'நீ' என்று கூப்பிட்டிருக்கிறாள். சாப்பிட்டேன். தோல் மாதிரி இழுத்தது. கிரேவி நன்றாக இருந்தது. சேத் தட்டை வழித்துத் தின்றார்.

முள்கரண்டியை வைத்துவிட்டு நோரா சொன்னாள்: "அன்னிக்கு சபை விருந்துல நான் ஏன் கதவைத் திறந்தேன்னு நீ ஒரு வார்த்தை கேக்கல."

"உன் ஹாட்பாட் வெந்துச்சான்னு பார்க்க."

"என் ஹாட்பாட் அந்த அடுப்புலயே இல்ல. காலையிலயே வெந்து, ஜன்னல்ல ஆறிட்டிருந்துச்சு."

நானும் முள்கரண்டியைக் கீழே வைத்தேன்.

"எங்கம்மா இதெல்லாம் செய்ய மாட்டாங்க. இங்க வந்தா எல்லாரும் இதே பேச்சு. தண்ணியா ஊத்துறாங்க, மலையா எடுக்குறாங்க. யாரைக் கேட்டாலும் உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாதுன்றாங்க. எனக்கு மண்டை குடைஞ்சுது. நீ முதுகைத் திருப்பினே, சரி, ஒரு தடவை பார்த்துடலாம்னு திறந்தேன். அவ்வளவுதான்."

சேத் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் ஜாதியில் இன்னொருத்தியைக் கண்டுபிடித்த சந்தோஷம் அவர் முகத்தில்.

ஒன்பது வருஷம். ஒரு சாவு வீடு. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். "பார்த்தியா?" என்று மட்டும் கேட்டேன்.

"எங்க பார்த்தேன்? நீதான் ஓடி வந்து என் மூக்குக்கு நேரா அறைஞ்சு சாத்தினியே. சரி, இன்னிக்காவது கடைசி வரைக்கும் பார்த்துடலாம்னு உட்கார்ந்தேன். அன்னிக்கு மூடிக் கெடுத்த, இன்னிக்குத் திறந்து கெடுத்த."

சேத் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. நான் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டேன், சிரிப்பா அழுகையா என்று அவர்கள் கண்டுபிடிக்க வேண்டாம் என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஜாடியைத் தூக்கி ஆட்டினேன். பாதி இருந்தது. "இன்னொண்ணு ஊத்தலாம். வினிகர் போட்டுச் சாப்பிட ஆகும்."

நோரா கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தாள். கொழுப்பு மறுபடி புகைந்தது, கரைசல் சீறியது. கதவைச் சாத்தியதும் என் நாற்காலியை அடுப்பிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில், பாத்திரம் கழுவுகிற தொட்டிப் பக்கம் போட்டுக்கொண்டேன். நோரா கண்ணாடிக்கு எதிரே. சேத் அவளுக்குப் பக்கத்தில், காதைக் கொடுத்துக்கொண்டு.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணுமே ஆகல."

"இரு. அஞ்சு நிமிஷம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஓரம்தான் முதல்ல, ஓரத்தைப் பாரு" என்றார் சேத், தினமும் பார்க்கிறவர் மாதிரி.

நான் இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் விட்டுக் கட்டிக்கொண்டு, இருபத்தைந்து நிமிஷமும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.